ஆற்றுப்பூண்டு: திருத்தி எழுதும் பிரதி

1

இதைக் கதையாக எழுத நான் உட்காரவில்லை. விவசாய மாதப் பத்திரிகை ஒன்றில் 'வீட்டுத் தோட்டம்' என்று ஒரு பகுதி வருகிறது. காட்டுச் செடி ஒன்றைத் தோட்டத்தில் வளர்ப்பது எப்படி என்று அதற்கு இரண்டு பக்கம் எழுதித் தரும்படி கேட்டிருந்தார்கள். நான் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். செடிகொடிகளைப் படம் போட்டுப் போட்டு அவற்றின் மேல் பைத்தியம் பிடித்தவன் என்று ஜில்லாவில் நாலு பேருக்குத் தெரியும். சரி என்று ஆரம்பித்தேன். ஆரம்பித்தது இப்படி:

"செய்யாற்றில் வெள்ளம் வடிந்ததும், தை மாசியில், ஈர மணலில் தானாக முளைத்துப் பூக்கிற பூண்டு இது. முதலில் தரையோடு தரையாக இலைகள் வட்டமாக விரியும். ஓரம் கிழிந்தாற்போல இருக்கும். மேலே பூனைமயிர் படர்ந்திருக்கும். பிறகு நடுவிலிருந்து ஒரு தண்டு கிளம்பி முழங்காலுக்கு மேல், சில சமயம் இடுப்பளவுக்குப் போகும். தண்டு நெடுக மஞ்சள் பூ. இதழ் ஐந்து. உள்ளே இருக்கும் மகரந்தக் கேசரங்களில் கத்தரிப்பூ நிறத்தில் மயிர். விடியும்போது மலர்ந்தது பத்து மணி வெயிலுக்குள் உதிர்ந்துவிடும். மறுநாள் அதற்கு மேலே வேறு பூ.

"இதைத் தோட்டத்தில் வளர்க்க நினைப்பவர்கள் முதலில் செய்யவேண்டியது, உரம் போடாமல் இருப்பது.

"இதன் விதை தூசி மாதிரி. மண் போட்டு மூடக் கூடாது என்று எனக்குச் சொன்னவர்"

கட்டுரை இங்கே நின்றது. மூன்று மாதமாக அங்கேயேதான் நிற்கிறது. 'சொன்னவர்' என்று மரியாதையாக எழுதிவிட்டேன். ஆனால் அந்த மனிதரை நான் ஒரு நாளும் 'வாங்க' என்று கூப்பிட்டதில்லை. அதை நினைத்ததும் கை ஓடவில்லை. அதற்குப் பிறகு எழுதியது எதுவும் கட்டுரையாக வரவில்லை. பத்திரிகைக்காரர் இரண்டு கார்டு போட்டுவிட்டார்.

[அடிக்குறிப்பு: இந்தச் செடிக்குப் பெயர் கேட்டால் ஊருக்கு ஒன்று சொல்கிறார்கள். எங்கள் பக்கத்தில் சிலர் ஆற்றுப்பூண்டு என்பார்கள். இங்கே அப்படியே வைத்துக்கொள்கிறேன்.]

2

கதை என்றால் ஓர் ஆரம்பம் வேண்டும். மூன்று எழுதிப் பார்த்தேன்.

'திருமுக்கூடலில் பாலாற்றோடு கலப்பதற்கு முன் செய்யாறு எங்கள் ஊரை உரசிக்கொண்டு' (போதும். ஆற்றில் ஆரம்பித்தால் கடைசியில் பழியையும் ஆற்றின் மேலேயே போட்டுவிடலாம். நிறுத்திவிட்டேன்.)

'ஞானதாஸ் மிகவும் நல்லவன்.' (இப்படி எழுதியதும் அவன் செத்துப்போனவன் மாதிரி ஆகிவிட்டான். அவன் இன்றைக்குக் காலையில்கூட எங்கள் வயலில் வரப்பு வெட்டிக்கொண்டிருந்தான்.)

மூன்றாவது ஆரம்பம் அழகாக இல்லை. அதனால் வைத்துக்கொள்கிறேன்.

என் பெயர் வரதன். உத்திரமேரூருக்கு வடக்கே ஆற்றோர ஊர் ஒன்றில் நிலம் நீச்சு உள்ள குடும்பம். தினம் சைக்கிளில் உத்திரமேரூர் போய்ப் பாடம் எடுத்துவிட்டுச் சாயங்காலம் திரும்புவேன். வயல் வேலைக்குச் சேரியிலிருந்து நாலைந்து பேர் வருவார்கள். அவர்களில் ஒருவன் ஞானதாஸ். வேதக்காரர்கள் என்கிற கிறிஸ்தவர்கள் தெருவில் இருப்பவன். என் வயசுதான் இருக்கும். மனைவி சிட்டம்மாளும் எங்கள் வயலில்தான் களை எடுப்பாள், நாற்று நடுவாள்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆற்று மணலில் உட்கார்ந்து இந்தப் பூண்டைப் படம் போட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் யாரோ நிற்கிற நிழல் காகிதத்தின் மேல் விழுந்தது. திரும்பிப் பார்த்தால் ஞானதாஸ். வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றவன், படத்தில் கீழ் இலை தப்பு என்றான். நான் தண்டில் இருக்கிற சின்ன இலையைப் பார்த்து அதையே அடியிலும் போட்டிருந்தேன். அவன் குனிந்து மணலை ஒதுக்கி, அடி இலையை எடுத்துக் காட்டினான். அது வேறு மாதிரி இருந்தது. பதினோரு வருஷம் டிராயிங் சொல்லிக்கொடுத்தவன், நேரில் இருந்த இலையைப் பார்க்காமல் போட்டிருக்கிறேன்.

அன்றைக்கே இன்னொன்றும் சொன்னான். குழந்தைகளுக்குச் சீதபேதி கண்டால் அவர்கள் தெருவில் இந்த இலையை இடித்துச் சாறு கொடுப்பார்களாம். படத்துக்குக் கீழே நான் அதையும் குறித்துக்கொண்டேன்: 'சீதபேதிக்கு இலைச்சாறு. உள்ளூர் வழக்கம்.' என் கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும். அந்த நோட்டு இப்போதும் மேஜையில் இருக்கிறது.

3

தோட்டக் கட்டுரையில் வரவேண்டியதெல்லாம் இந்தப் பகுதியில் வருகிறது. செடி வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் இதை மட்டும் படித்துவிட்டு நிறுத்திக்கொண்டாலும் எனக்கு வருத்தமில்லை.

முதல் வருஷம் ஆற்றிலிருந்து ஆறு செடிகளை மண்ணோடு தோண்டிவந்து கிணற்றடியில் நட்டேன். நல்ல எரு. நாலாம் நாள் எல்லாம் சாய்ந்துவிட்டன. இதன் வேர் முள்ளங்கி மாதிரி நேரே கீழே போகிறது. தோண்டும்போதே அறுந்துபோயிருக்கிறது. அடுத்த இரண்டு வருஷமும் விதை எடுத்துப் பாத்தி கட்டித் தூவி, மேலே மெல்லிசாக மண் மூடி, பூவாளியால் தினம் தண்ணீர் தெளித்தேன். கோரை வந்தது. பூண்டு வரவில்லை.

அறுபத்தொன்றாம் வருஷம் எனக்கு ஓர் அவசரம் வந்தது. நான் போட்ட படத்தைச் சென்னையில் தாவரவியல் பேராசிரியர் ஒருவருக்கு அனுப்பியிருந்தேன். ஏகாம்பரம் என்று பெயர். இலையில் இவ்வளவு மயிர் இருக்கிறதே, இது அபூர்வமான வகையாக இருக்கலாம் என்று பதில் எழுதினார். கார்த்திகை மாதம் மாணவர்களோடு செங்கல்பட்டுப் பக்கம் வருகிறேன், அப்போது உயிரோடு பூத்த செடியை, முக்கியமாக அடி இலை கெடாமல், காட்ட முடியுமா என்று கேட்டிருந்தார். அந்தக் கடிதத்தை நான் எத்தனை பேருக்குக் காட்டினேன் என்று கணக்கே இல்லை. ஆனால் கார்த்திகையில் ஆறு நிறையத் தண்ணீர் போகும். பூண்டு எங்கே இருக்கும்?

வேறு வழியில்லாமல் ஞானதாஸைக் கேட்டேன். அவன் இரண்டு நாள் யோசித்துவிட்டு வந்து சொன்னான். விதையை மூடக் கூடாது, அதன் மேல் வெளிச்சம் படவேண்டும். தண்ணீர் ஊற்றக் கூடாது. ஆற்றில் இது முதலில் எருமைக் குளம்பு பதிந்த குழியில்தான் முளைக்கும் என்பதை அவன் பார்த்திருந்தான்.

தோட்டத்து மூலையில் இடிந்த சுவரின் செங்கல் குவியல் ஒன்று கிடந்தது. அதையே மேடாக்கினான். ஆற்றோர வண்டலைக் கூடைகூடையாகச் சுமந்துவந்து மேலே கொட்டினான். பிறகு எங்கள் எருமையை ஓட்டிவந்து அதன் மேல் மூன்று சுற்று நடக்கவிட்டான். என் மனைவி ஆதிலட்சுமி, தோட்டத்துக்குள் எருமையை விடுகிற தோட்டக்காரனை இப்போதுதான் பார்க்கிறேன் என்று வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள். ஆடி மாதம் விதை தூவினோம். பன்னிரண்டாம் நாள் குளம்புக் குழிகளுக்குள் பச்சைத் தூசி மாதிரி ஏதோ தெரிந்தது.

மழை பிடித்தபோது பாதி அழுகிப்போயிற்று. ஞானதாஸ் மேட்டுக்கு மேலே கீற்று வேய்ந்தான். மழை வந்தால் மூடுவான். விட்டதும் வந்து திறப்பான். எங்கள் வயலில் வேலை இல்லாத நாளிலும் வருவான். கார்த்திகை பிறந்தபோது ஏழு செடிகள் நின்றன. ஒவ்வொன்றிலும் தண்டு எழும்பி மொட்டு கட்டியிருந்தது. மழைக்காலத்தில் அந்தப் பூண்டு மொட்டு விட்டதை எங்கள் ஊரில் யாரும் பார்த்ததில்லை.

[இங்கே ஓர் இடைச்செருகல். ஞானதாஸ் தோட்டத்துக்குப் பின்வாசல் படல் வழியாகத்தான் வருவான். தண்ணீர் கேட்டால் ஆதிலட்சுமி செம்பைத் தூக்கி ஊற்றுவாள். அவன் கையேந்திக் குடிப்பான். அப்போது நான் அதைப் பார்த்ததாகவே நினைவில்லை. அவனைத் தோட்டத்துக்குள் விடுகிறேன், அவன் பேச்சைக் கேட்கிறேன் என்பதால் என்னை நான் பெரிய சீர்திருத்தக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முதல் பிரதியில் இந்தச் செம்பு இல்லை.]

4

'அன்று வியாழக்கிழமை. வானம் மூட்டமாக, ஏதோ நடக்கப்போவதைச் சொல்வது போல' (வானம் எதையும் சொல்லவில்லை. தூறிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.)

சனிக்கிழமை பேராசிரியர் வருகிறார் என்று முதல் நாள்தான் தந்தி வந்திருந்தது. பள்ளிக்கூடம் கிளம்புமுன் செடிகளைப் பார்க்கத் தோட்டத்துக்குப் போனேன். இரண்டு செடியில் முதல் பூ மலர்ந்திருந்தது. படலுக்கு வெளியே ஞானதாஸ் நின்றுகொண்டிருந்தான். தலையில் கோணி. எப்போதும் தானே திறந்துகொண்டு வருகிறவன் அன்றைக்கு வெளியிலேயே நின்றான்.

அவனுடைய மகள் அம்முலுவுக்கு அப்போது ஐந்து வயசு. ஒரே குழந்தை. அவளுக்கு இரண்டு நாளாக வயிற்றால் போகிறது என்றான்.

"ரத்தமும் சளியுமா போவுது நைனா. ஆத்துல தண்ணி ரொம்ப கீது, ஒரு பூண்டு கெடைக்கல. இங்க கீறதுல நாலு எல குடுத்தீங்கன்னா இடிச்சிக் குடுத்துப் பாப்பேன்."

நான் செடிகளைத் திரும்பிப் பார்த்தேன். இப்போது எண்ணிச் சொல்கிறேன். ஏழு செடி. செடிக்குப் பத்து அடி இலை என்றாலும் எழுபது. அவன் கேட்டது நாலு. ஆனால் அன்றைக்கு என் கண்ணுக்குத் தெரிந்தது பேராசிரியரின் கடிதத்தில் அவர் அடிக்கோடிட்டிருந்த ஒரு வரிதான்: அடி இலை கெடாமல்.

"சனிக்கெழம சாயந்தரம் வா ஞானதாஸு. அவர் பாத்துட்டுப் போயிடட்டும். அப்புறம் எல்லாத்தையும் நீயே எடுத்துக்கோ."

"சனிக்கெயமையா நைனா?"

"ஆமா."

மழைத்தண்ணீர் கோணியின் நுனியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போ, இலையை நம்பிக்கொண்டிருக்காதே என்று புத்திமதியும் சொன்னேன். அது நல்ல புத்திமதிதான். அதனால்தான் அதைச் சொன்னது எனக்கு இன்னும் உறுத்துகிறது. சரி நைனா என்று சொல்லிவிட்டுப் போனான்.

கதை எழுதுகிறவனுக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது. 'நான் நாலு இலை பறித்து அவன் கையில் கொடுத்தேன்' என்று ஒரே ஒரு வரி எழுதினால் போதும். எழுதியும் பார்த்தேன். கதை அந்த வரியோடு முடிந்துபோயிற்று. ரொம்ப நல்ல முடிவு. அரை மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு அடித்துவிட்டேன்.

5

சனிக்கிழமை பதினோரு மணிக்கு வேன் வந்தது. வெயில் இல்லாததால் பூக்கள் இன்னும் உதிரவில்லை. பேராசிரியர் ஏகாம்பரம் கண்ணியமான மனிதர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்தச் சேற்றில் குந்தி உட்கார்ந்து, சட்டைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து ஒரு பூவை வெகுநேரம் பார்த்தார். கேசரங்களை எண்ணினார். இலையைத் தடவினார். மாணவர்கள் நாலு பேர் சுற்றி நின்றார்கள்.

அவர் நிமிர்ந்தபோது முகத்திலேயே தெரிந்துவிட்டது. இது அபூர்வமான வகை இல்லை. சோழமண்டலக் கரை முழுக்க ஆற்றோரங்களிலும் வயலோரங்களிலும் சாதாரணமாக வருகிற பூண்டுதான். அதன் சாஸ்திரப் பெயரிலேயே இந்தக் கரையின் பெயர் இருக்கிறது என்றார். இதற்கு ஒன்றுவிட்ட சொந்தம் ஒன்று காஷ்மீரப் பக்கத்து மலைகளிலும் சீமையிலும் இருக்கிறதாம். ஆளுயரம் வளருமாம், இலை கம்பளிபோல இருக்குமாம். சீமையில் அதை மல்லின் என்று சொல்லித் தோட்டங்களில் வளர்க்கிறார்களாம். என் படத்தில் மயிரைக் கொஞ்சம் அதிகமாகப் போட்டிருந்ததால் அவருக்கு அந்தச் சந்தேகம் வந்திருக்கிறது.

நான் படத்தை அழகுக்காக அப்படிப் போட்டேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

ஆனாலும் மழைக்காலத்தில் இதைப் பூக்க வைத்தது பெரிய காரியம் என்று மனசாரப் பாராட்டினார். மேட்டையும் கீற்றையும் மாணவர்களுக்குக் காட்டினார். யார் இதையெல்லாம் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டார்.

"நானும் நம்ம ஆள் ஒருத்தனும்" என்றேன்.

ஒரு செடியை வேரோடு எடுத்துக் காகிதங்களுக்கு நடுவில் வைத்து அழுத்திக்கொண்டு, காபி குடித்துவிட்டு, ஒரு மணிக்குக் கிளம்பிவிட்டார்கள். மிச்சம் ஆறு செடி.

நாலு மணிக்கே நான் அடி இலைகளையெல்லாம் பறித்து முறத்தில் வைத்துவிட்டேன். நாலு இல்லை, எல்லாமே. இருட்டும்வரை படலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஞானதாஸ் வரவில்லை.

6

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த முறத்தை எடுத்துக்கொண்டு சேரிக்குப் போனேன். அந்த ஊரில் பிறந்து முப்பத்தைந்து வருஷம் ஆகியிருந்தது. அந்தத் தெருவுக்கு நான் போனது அன்றைக்குத்தான். ஞானதாஸின் வீடு எது என்று தெரியவில்லை. தெருமுனையில் நின்றேன்.

சாமுவேல் என்கிற பெரியவர் வெளியே வந்தார். என்னைப் பார்த்துப் பதறி, இன்னா நைனா, இந்நேரத்துல இங்க என்றார். வாசலில் உட்கார்ந்திருந்த பெண்கள் எழுந்து நின்றார்கள். நான் ஏதோ தண்டனை சொல்ல வந்தவன் மாதிரி எல்லாரும் பார்த்தார்கள். ஞானதாஸ் எங்கே என்று கேட்டேன். அவனும் சிட்டம்மாளும் வியாழக்கிழமை மத்தியானமே குழந்தையைத் தூக்கிக்கொண்டு மதுராந்தகம் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டதாகச் சொன்னார். காஞ்சிபுரத்துக்குப் போக ஆறு குறுக்கே இருந்தது. மதுராந்தகத்துக்குப் பஸ் இல்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மழையில் மாற்றி மாற்றிப் பாதித் தூரம் நடந்திருக்கிறார்கள். பிறகு கரும்பு ஏற்றிக்கொண்டு போன லாரி ஒன்று ஏற்றிக்கொண்டதாம். இது சாமுவேலுக்கு லாரிக்காரன் வழியாக வந்த சேதி. குழந்தை இப்போது எப்படி இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை.

முறத்தில் இலைகள் துவண்டுபோயிருந்தன. அதைச் சாமுவேலிடம் கொடுக்கலாமா என்று யோசித்தேன். எதற்கென்று கேட்டால் பதில் சொல்லவேண்டும். அப்படியே எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

7

முதல் பிரதியில் அம்முலு செத்துப்போனாள்.

நாலு பக்கம் எழுதினேன். நன்றாக வந்தது. லாரி வருவதற்கு முன்பே, சிட்டம்மாளின் தோளில். அந்த இடத்தை எழுதும்போது எனக்கே கண்ணீர் வந்தது. அதைப் படித்துக்கொண்டிருந்த ஆதிலட்சுமி காகிதத்தைக் கீழே வைத்தாள்.

"உசுரோட கீற கொழந்தய எதுக்கு சாவடிச்சிருக்கீங்க?"

கதைக்கு அது தேவைப்படுகிறது என்றேன். நாலு இலை கொடுக்காததற்கு ஒன்றுமே ஆகவில்லை என்றால் அது என்ன கதை, அதில் என் குற்றம் எங்கே தெரியும் என்று கேட்டேன். அவள் எழுந்து போய் அடுப்பைப் பார்த்தாள்.

யோசித்துப் பார்த்தேன். என் வருத்தம் பெரிதாகத் தெரியவேண்டும் என்பதற்காக, இன்னொருவன் குழந்தையைக் காகிதத்தில் கொன்றிருக்கிறேன். அழகுக்காகச் செடியின் மேல் மயிரை அதிகமாகப் போட்டவனும் இவனும் ஒரே ஆள்தான். நாலு பக்கத்தையும் கிழித்துப்போட்டேன்.

நடந்தது இது. அம்முலு பிழைத்துக்கொண்டாள். பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். ஊசி போட்டார்கள், குளுக்கோஸ் ஏற்றினார்கள். எலும்பும் தோலுமாக வந்தாள். தை பிறப்பதற்குள் தேறிவிட்டாள். அந்த இலைச்சாறு கொடுத்திருந்தால் வியாழக்கிழமையே நின்றிருக்குமா, அத்தனை மைல் மழையில் நடந்திருக்க வேண்டாமா என்பது எனக்குத் தெரியாது. பின்னாளில் ஒரு டாக்டரைக் கேட்டேன். நின்றாலும் நின்றிருக்கும், நிற்காமலும் போயிருக்கும் என்றார். அவருக்கு வேறு நோயாளிகள் காத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாத ஒரு காரியத்தைத்தான் எட்டு வருஷமாகச் சுமந்துகொண்டிருக்கிறேன். இதை எப்படிக் கதையாக்குவது என்று எனக்குச் சொல்லித்தர ஆளில்லை.

8

ஞானதாஸ் திரும்பி வந்து வயல் வேலைக்கு எப்போதும்போல வந்தான். எப்போதும்போலப் பேசினான். தோட்டத்துக்கு மட்டும் வரவில்லை. ஒரு தரம் கூப்பிட்டேன், வேலை இருக்கிறது என்றான். இன்னொரு தரம் கூப்பிட்டேன், அப்போதும் வேலை இருந்தது. செடிகள் விதை கட்டி, காய்ந்து, காற்றில் கொட்டிப்போயின. மூன்றாம் தரம் நான் கூப்பிடவில்லை.

மாசி மாதம் வேர்க்கடலைக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் வரப்பின் மேல் போனேன். ஆற்றில் தண்ணீர் வடிந்து, மணல் முழுக்க மஞ்சளாகப் பூத்திருந்தது. களை எடுத்துக்கொண்டிருந்த சிட்டம்மாள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவள் என்னிடம் நேராகப் பேசுவது அபூர்வம். ஏதோ கேட்கப் போகிறாள் என்று தெரிந்ததும் நின்றுவிட்டேன். வாய்க்கு வந்தபடி என்னைத் திட்டப்போகிறாள், திட்டட்டும் என்று காத்திருந்தேன்.

"அந்தச் செடிங்கள ஆடு மேஞ்சிடுச்சின்னு அன்னிக்கி அவரு வந்து சொன்னாரு நைனா. பாவம், அம்மாம் பாடுபட்டு வளத்தீங்க. மறுபடி துளுத்துச்சா?"

அவள் கேலி செய்யவில்லை. முகத்தைப் பார்த்தேன். உண்மையாகவே கேட்டாள். என் செடிகளுக்காக வருத்தப்பட்டாள்.

ஞானதாஸ் சற்றுத் தள்ளிக் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தான். அவனுக்குக் கேட்டிருக்கும். அவன் நிமிரவில்லை.

"துளுத்துச்சு" என்றேன்.

9

இந்தக் கதையில் நான் திருத்த முடியாத சொல் அதுதான். வியாழக்கிழமை சொன்னதற்குச் சாக்கு உண்டு: அவசரம், பெருமை, புத்தி மட்டு. வரப்பின் மேல் அன்றைக்கு என்ன அவசரம்? வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. எனக்கு வேலையும் ஒன்றும் இல்லை. 'ஆடு மேயவில்லை, நான்தான் கொடுக்கவில்லை' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

இங்கே கதாசிரியன் ஞானதாஸின் மனசுக்குள் போய், அவன் ஏன் மனைவியிடம் பொய் சொன்னான் என்று பார்த்துச் சொல்லவேண்டும். வழக்கம் அதுதான். முயற்சி செய்தேன்.

'சிட்டம்மாள் கோபக்காரி. உண்மை தெரிந்தால் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று கத்துவாள், இருவருக்கும் வேலை போய்விடும் என்று அவன்' (இருக்கலாம்.)

'தான் வளர்த்த செடியில் நாலு இலை தனக்கு இல்லை என்று ஆனதை மனைவியிடம் சொல்ல அவனுக்குக் கூச்சமாக' (இருக்கலாம். இதை எழுதும்போதுதான் எனக்கு அதிகம் வலித்தது. அதனாலேயே இதுதான் உண்மை என்று சொல்லிவிட முடியாது.)

'அவனுக்கு என் மேல் பிரியம், என்னை அவள் கெட்டவனாக நினைத்துவிடக் கூடாது என்று' (இதை எழுதியதும் மனசு லேசாயிற்று. ஆகவே இதை நம்பக் கூடாது.)

மூன்றையும் அப்படியே விட்டுவைக்கிறேன். அவன் மனசுக்குள் என்னால் போக முடியவில்லை. அவன் வீட்டுக்குள்ளேயே நான் போனதில்லை.

10

போன மாதம் அவனிடமே சொன்னேன். மதகு ஓரத்தில் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். இருவருக்கும் தலை நரைத்துவிட்டது. அந்தச் செடிகளைப் பற்றி ஒரு கதை எழுதுகிறேன், அன்றைக்கு நீ வந்து கேட்டது, நான் சொன்னது எல்லாம் அதில் வருகிறது, பத்திரிகையில் அச்சாகும் என்றேன். மன்னித்துக்கொள் என்ற வார்த்தையை இதற்குப் பிறகு சொல்வதாக மனசில் வைத்திருந்தேன்.

அவன் கழுவுவதை நிறுத்தவில்லை. மண் முழுக்கப் போன பிறகும் கழுவிக்கொண்டிருந்தான்.

"அம்முலு படிக்குமா இத்த?"

அம்முலு இப்போது எட்டாம் வகுப்பு. என்னிடம்தான் டிராயிங் படிக்கிறாள். மூன்றாவது பெஞ்சில் உட்காருகிறாள். நன்றாகப் போடுவாள், கண்ணுக்குத் தெரிவதை மட்டும்தான் போடுவாள். கதைப் பத்திரிகை எது கிடைத்தாலும் விடுவதில்லை. சாயங்காலம் அம்மாவுக்கு அவள்தான் வாசித்துக் காட்டுகிறாள் என்று கேள்வி.

"படிப்பா" என்றேன்.

மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டான்.

"அப்ப ஆடு மேஞ்சதாவே எழுதிடுங்க நைனா. அது உங்களாண்ட படிக்குது."

அவ்வளவுதான் சொன்னான். நான் சொல்ல வைத்திருந்த வார்த்தையைச் சொல்ல இடமில்லாமல் போயிற்று. மன்னிப்பையும் அவன் கொடுக்கவில்லை, கோபத்தையும் காட்டவில்லை. மகளுக்கு வாத்தியார் ஒருவர் வேண்டும், அவர் மேல் அவளுக்கு மரியாதை இருக்கவேண்டும். அதைத்தான் கேட்டான். எட்டு வருஷத்துக்குப் பிறகு என்னிடம் அவன் கேட்ட இரண்டாவது பொருள் அது.

11

முடிவு இல்லாமல் இருக்கிறது. இரண்டு எழுதினேன்.

ஒன்றில் ஆடு மேய்கிறது. அவன் சொன்னபடி. அதை அச்சிட்டால் அவன் கேட்டதை இந்த முறையாவது கொடுத்தவன் ஆவேன். ஆனால் அன்றைக்குச் சிட்டம்மாளிடம் வாயால் சொன்ன பொய்யை, இன்றைக்கு மையால் ஊர் முழுக்கச் சொன்னவனும் ஆவேன்.

இன்னொன்று நீங்கள் இதுவரை படித்தது. இதில் ஊர் பெயரை விட்டுவிட்டேன். ஆட்களின் பெயரையும் மாற்றிவிடலாம் என்றாள் ஆதிலட்சுமி. மாற்றலாம். ஆனால் மழைக்காலத்தில் அந்தப் பூண்டைப் பூக்க வைத்தவனுக்கு ஒரு பெயர் இருக்கிறது. அதை மாற்றினால், 'நம்ம ஆள் ஒருத்தன்' என்று இரண்டாம் முறையும் சொன்னது மாதிரி ஆகும். மாற்றாவிட்டால், ஒருநாள் சாயங்காலம் அந்தத் தெருவில் ஒரு வீட்டில் அம்முலு இதைச் சத்தமாக வாசிப்பாள். சிட்டம்மாள் கேட்டுக்கொண்டிருப்பாள். ஞானதாஸும் அங்கேயே உட்கார்ந்திருப்பான்.

இந்தப் பிரதி முழுக்க மையில் எழுதியது. அவன் பெயர் வருகிற இடங்கள் மட்டும் பென்சில். ஒவ்வொரு தரம் எழுதும்போதும் ஏனோ பேனாவை வைத்துவிட்டுப் பென்சிலை எடுத்தேன். காகிதங்களை இப்படியே, அச்சிடப்போகிற உங்களிடம் தருகிறேன். கூடவே ஒரு ரப்பரும் இருக்கிறது.